நான்காம் வரிசை பெஞ்சு

உர்க்,
4 மார்ச் 2006

அன்பு மகள் ஹெண்ட்ரினுக்கு,

கர்த்தர் உங்கள் மூவரையும் சுகமாகக் காத்துவருகிறார் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்கால் வலியைத் தவிர குறையில்லை.

குழந்தைக்கு நம் ஆலயத்திலேயே ஞானஸ்நானம் என்று முடிவு செய்தது சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு பேர் என்று எழுதியிருந்தாய். பட்டாணி சூப்பும் திராட்சை ரொட்டியும் செய்கிறேன். பல் டாக்டர் குடும்பத்துக்கு இது போதுமா என்று யோசித்தேன். போதும்.

அப்பா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். படகை விற்றபின் மீன் வெட்டும் கூடத்துக்கு வேலைக்குப் போகிறார். அதில் அவருக்கு வெட்கமில்லை. ஜனவரியில் ஆலய பெஞ்சுகளை வருட வாடகைக்கு விட்டபோது, நம் நான்காம் வரிசையை விட்டுவிட்டோம். கணக்குப் பார்த்து வேண்டாம் என்றது நான்தான். லூபெர்ட் எடுத்துக்கொண்டான். நம் படகில் வலை இழுத்த அதே லூபெர்ட். இப்போது அவனுக்கு இரண்டு படகு.

வாடகையில்லாத கடைசி பெஞ்சில் உட்கார அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஆராதனை தொடங்குமுன் சிவப்பு விளக்கு எரியும்வரை வாசலிலேயே நிற்பார். எரிந்துவிட்டால் காலி இடத்தில் யாரும் உட்காரலாமே. ஒரு ஞாயிறு விளக்கு எரிந்தும் நான்காம் வரிசை காலியாக இருந்தது. நேராகப் போய்ப் பழைய மூலையில் உட்கார்ந்துவிட்டார். முதல் சங்கீதம் பாடும்போது லூபெர்ட் குடும்பத்தோடு வந்தான். பிள்ளைக்கு வாந்தியாம், அதனால் தாமதம். அப்பா எழுந்தார். அவனோ எல்லார் காதிலும் விழும்படி, "உக்காருங்க முதலாளி, உங்க எடம்தானே! நான் நின்னே பழகினவன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அவன் மனைவி நேல், "ஆமா, வாடகை நம்மது, சூடு பண்ணி வைக்கிறது அவரு" என்றாள். பின்னால் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அப்பா வருவதில்லை. ஆராதனையை வீட்டுக்கே ஒலிபரப்பும் ஆலயத் தொலைபேசியில் பிரசங்கம் கேட்கிறார். ஞானஸ்நானத்துக்காவது வாருங்கள் என்றேன். "வந்து எங்கடி நிக்கிறது? சம்பந்தி பாக்க, விளக்கு எப்ப எரியும்னு காத்துக்கிட்டா?" என்று கேட்டார்.

இதெல்லாம் தெரியாமல் பெஞ்சு வாடகைக்கென்று நீ அனுப்பிய 340 யூரோவை இதனுடன் திருப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. லூபெர்ட் விட்டுக்கொடுத்தாலும், மகள் காசில் அந்த மூலையில் உட்கார்ந்தால் அவரால் தலை நிமிர முடியாது.

ஒன்று மட்டும் செய். முன்வரிசையில் சம்பந்தி வீட்டார் உட்காரட்டும். பிரசங்கம் முடியும்வரை நீ எங்களோடு கடைசி பெஞ்சில் உட்கார். பிறகு குழந்தையை வாசல் பக்கத்து அறையிலிருந்து உள்ளே தூக்கி வருவது அத்தைமார் வழக்கம் என்பது எனக்கும் தெரியும். இந்த ஒரு தடவை அப்பா தூக்கி வரட்டும். இருபத்திரண்டு வரிசையையும் தாண்டி நடக்க வேண்டும், நான்காவதையும்தான். நீயே போன் பண்ணிக் கேள். பெஞ்சுப் பேச்சை எடுக்காதே. குழந்தை கனக்கிறாள், உங்கள் கைதான் வேண்டும் என்று சொல்.

அவருடைய கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி ஆணியில் மாட்டிவிட்டேன். ஏன் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. பிரசங்கத்தின்போது வாயில் போட்டுக்கொள்ள, கடைசி பெஞ்சில் நம் மூவருக்கும் பெப்பர்மிண்ட் வாங்கியாகிவிட்டது.

கர்த்தருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். செவ்வாய்க்குள் போன் பண்ணு, கண்ணு.

உன் அம்மா,
மார்ரி