தூங்குகிற வேலைக்கு யார் சொன்னது?

ஜூன் 3, செவ்வாய்

ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி இயங்குதளம் எழுதும் வேலைக்கு வந்தவளுக்கு முதல் பரிசு, யாருக்கும் பிடிபடாத ஒரு பிழை. ஓடுகிற கணினியில் பிராசஸர் ஒன்றை நிறுத்தினால், அதன் வரிசையில் நிற்கும் வேலைகளை மற்ற பிராசஸர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் சிஸ்டமும் கொடுக்கிறது. ஆனாலும் எப்போதாவது ஒரு வேலை மட்டும் காணாமல் போய், மொத்த மெஷினும் மரம் மாதிரி நின்றுவிடுகிறது.

டீம் லீடுக்கு நாங்கள் வைத்த பெயர் கடுகு. சட்டென்று பொரிவார். "அடுத்த வெள்ளி உங்க டிரையல் முடியுது. அதுக்குள்ள இதைப் பிடிச்சீங்கன்னா மேல பேசலாம்" என்றார். பிடிக்காவிட்டால் பேச்சே இல்லை. தலையாட்டியாச்சு.

ஜூன் 5

நின்றது. ஏன்? தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

பிராசஸரைக் காலி செய்யும் பகுதியை வரிவரியாகப் படித்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒரு வேலையையும் அது விடவில்லை. பிறகு எவன்தான் தொலைகிறான்? பக்கத்து சீட்டுப் பெண், "அக்கா, அந்த மெஷினுக்கு உங்க மேல ஏதோ கோவம்" என்றாள். எனக்கும் அதன்மேல் கோபம்தான். பயமாவும் இருக்கு. இதுவும் போச்சுன்னா இனிமே யாரு கூப்பிடப் போறா?

ஜூன் 8, ஞாயிறு

நாளை வருவதாகச் சொன்ன பெயிண்டர் இன்றே வந்து படுக்கையறைக்குப் பச்சை அடித்துவிட்டுப் போனார். மகள் என்னிடமும் அத்தையிடமும் "உள்ள யாரும் போகக் கூடாது" என்று உத்தரவு போட்டாள். கணவர் சோபாவில் குறட்டை. இடி விழுந்தாலும் எழமாட்டார். சாயங்காலம் எழுந்தவர், பாதிக் கண்ணோடு நேரே படுக்கையறைக்குப் போய், சுவரில் சாய்ந்து சோம்பல் முறித்தார். முதுகு முழுக்கப் பச்சை.

"அப்பா! எல்லார்கிட்டயும் சொன்னேனே!"

"எல்லார்கிட்டயும் சொன்ன, சரி. தூங்கறவன்கிட்ட யாரு சொன்னது?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் சட்டென்று...

அடப்பாவி. தூங்கறவன்!

ஏதோ ஒன்றுக்காகக் காத்துத் தூங்கும் வேலை எந்த வரிசையிலும் நிற்காது. காலி செய்யும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. எழுந்ததும் அது பழக்க தோஷத்தில் பழைய பிராசஸருக்கே போய் நிற்கிறது. அங்கேதான் ஆளே இல்லையே! ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு ஒன்று அதன் கையில்; அதை விடட்டும் என்று மற்ற வேலைகள் எல்லாம் காத்துக் கிடக்கின்றன.

ஜூன் 9, திங்கள்

வேலையை எழுப்பும் இடத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன்: பழைய பிராசஸர் இன்னும் ஓடுகிறதா? இல்லையென்றால், ஓடுகிற வேறொன்றுக்குப் போ. இரண்டே வரி. இந்த இரண்டு வரிக்கா இவ்வளவு பாடு! பிராசஸர்களை மாற்றி மாற்றி நிறுத்தும்படி மெஷினை விட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

நிற்கவே இல்லை! கடுகு வந்து பார்த்தார். பொரியவில்லை.

"எப்படிப் பிடிச்சீங்க?"

"வீட்டுக்காரர் பெயிண்ட்ல சாஞ்சாரு சார்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

நிரந்தர ஊழியர் அட்டைக்குப் புகைப்படம் எடுத்தார்கள். எடுத்தவர், "மேடம், கொஞ்சம் சிரிப்பை அடக்குங்க, இது ஆபீஸ் கார்டு" என்று கெஞ்சிப் பார்த்தார். முடிஞ்சாத்தானே? அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டார். முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது.