கழற்றியது யார், மாப்பிள்ளை?

அன்பு மாப்பிள்ளை எபிக்கு,

நீ போன நாளிலிருந்து என்னிடமே இருக்கும் உன் கிட்டார் இப்போது என் மேஜைமேல் கம்பி இல்லாமல் கிடக்கிறது. ரூத் விற்கச் சொல்லிவிட்டாள். ஆம்பூர் கம்பெனிகளுக்கு ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறாளே, இனி சொந்த மெஷினில் தைக்க வேண்டுமாம். உனக்கு மனைவி ஆவதற்கு முன்பே அவள் எனக்குத் தங்கை. முடியாது என்று எப்படிச் சொல்வேன்?

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். விற்பனைக்கு என்று நான் நெட்டில் போட்ட படங்களைப் பார்த்துவிட்டு பெங்களூரிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். "பெயின்ட் தேஞ்சிருந்தா பரவால்ல சார். பாலிஷ் கீலிஷ் மட்டும் போட்டுடாதீங்க" என்றார். தோலில் ஒரு கீறல் இருந்தாலே கழித்துக்கட்டுகிற ஊர் நம்முடையது. இங்கே இருப்பவனிடம் இப்படிச் சொன்னால் சந்தேகம் வராதா? அடுத்ததாக, "அந்தப் பின்னாடி பிக்கப் மட்டும் வேற மாதிரி தெரியுதே, மாத்தினீங்களா?" என்று கேட்டார். விலையைக் குறைக்க அடி போடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மனம் அரித்தது. உன் கிட்டாருக்கு உடம்பில் பாதி வெற்றிடம், பின்பக்கம் மூடியும் கிடையாது. உள்ளே இருக்கும் ஒயர்களை, வயலினில் இருப்பது போன்ற அந்த வளைந்த துளை வழியாகத்தான் எடுக்க வேண்டும். திரும்ப உள்ளே இழுக்க வழி வேண்டுமே என்று ஒவ்வொன்றிலும் நூல் கட்டிக் கட்டி வெளியே எடுத்தேன். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்புகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கழுத்துப் பக்கத்துப் பிக்கப் அசல் ஜப்பான் சரக்கு. அவர் கேட்ட அந்தப் பின்னாடிப் பிக்கப் ஒன்றுக்கும் உதவாத குப்பை. ஸ்க்ரூகூட வேறு.

முதலில் லாங் பஜாரில் உன் கிட்டாருக்கு ஸ்விட்ச் மாற்றினாரே, அந்த ரிப்பேர்காரர் மேல்தான் சந்தேகம் போனது. அடுத்து உன் மேல். கோபித்துக்கொள்ளாதே. பணமுடை வந்த நேரத்தில் நீயே விற்றுவிட்டாயோ என்று நினைத்தேன். நீ ஏன் எப்போதும் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பிலேயே வாசித்தாய்? கல்யாண ரிசப்ஷன்களில் நாம் சேர்ந்து வாசிக்கும்போதெல்லாம் அதை உன் ரசனை என்றல்லவா நினைத்திருந்தேன்?

ரூத்திடம் கேட்டேன். கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அண்ணா, இத்தினி நாளா அது உங்கிட்டதானே இருக்கு?"

"அதுக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்று சொல்லி ஊசியை மறுபடி கையில் எடுத்தாள்.

அவள் மெஷின் இன்றில்லாவிட்டால் நாளை வரும். அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு நான் எப்படி அவள் வீட்டு வாசலை மிதிப்பேன்? கூடப்பிறந்தவளே என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டால் ஊரார் நம்பி என்ன ஆகப்போகிறது?

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். என் மட்டமான கிட்டாரில் இருப்பது ஒரே ஒரு பிக்கப். ஆனால் அதன் சத்தம் பிரமாதம் என்று ஊரே சொல்லும். எல்லாம் என் கை வாகு என்று நானும் இத்தனை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதை எடுத்து உன்னுடையதில் மாட்டி, அசல் இல்லை என்று சொல்லியே விற்றுவிடலாம், சத்தமாவது நன்றாக இருக்கட்டும் என்று என்னுடையதை முதல் தடவையாகத் திறந்தேன்.

உள்ளே ஜப்பான் பிக்கப் இருந்தது, மாப்பிள்ளை. உயரம் பொருந்துவதற்காக அடியில் ஒரு ஆட்டுத்தோல் துண்டு. அதன்மேல், உன் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் நீங்கள் குறி போடும் வெள்ளிப் பேனாவில் நீ மட்டுமே எழுதும் அந்தக் குறுக்குக்கோடு போட்ட ஏழு. நான் குப்பை என்று திட்டியது என்னுடைய பழைய பிக்கப்பைத்தான்.

களவு போன பொருள் கடைசியில் என் வீட்டிலேயே! அவள் இனி நம்பவே மாட்டாள் என்று தெரிந்தும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் ரூத் முன்னால் வைத்தேன்.

அவள் தோல் துண்டை எடுத்துப் பார்த்தாள். அந்த ஏழின்மேல் விரலை ஓட்டினாள்.

"என்னைப் பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடி, உன் கிட்டார சர்வீஸ் பண்றேன்னு வாங்கினு போனாரே?"

"ஆமா."

"அப்பதான் எங்கிட்ட சொன்னாரு, 'உங்கண்ணன சரிக்கட்டிட்டேன், இனிமே இல்லன்னு சொல்லமாட்டான்'னு. எப்படின்னு எத்தினி வாட்டி கேட்டேன் தெரியுமா? சிரிச்சாரே தவிர சொல்லவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். "உன்னைப் போயி சந்தேகப்பட்டேனே அண்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன்.

அதுவரை உன்னிடம் முகம்கொடுத்துப் பேசாதவன் நான். சர்வீஸ் ஆகி வந்த கிட்டாரில் வாசித்த அன்று கூட்டமே கைதட்டியது. அந்தக் குஷியில்தானே நீ பெண் கேட்டு வந்தபோது உடனே தலையாட்டினேன்? உண்மையைச் சொல், எபி. அது பிரியமா, லஞ்சமா? லஞ்சம் என்றால் கல்யாணம் முடிந்ததும் சத்தமில்லாமல் திரும்ப எடுத்திருக்கலாமே? சாகும்வரை பாதிச் சத்தத்தோடு ஏன் வாசித்தாய்?

உன் பிக்கப்பை உன் கிட்டாரிலேயே பொருத்திவிட்டேன். பாலிஷ் போடவில்லை. நாளை அந்த பெங்களூர்க்காரர் வருகிறார், நல்லபடியாகக் கொடுத்துவிடுவேன். ரூத் வீட்டுக்கு மெஷின் வந்துவிடும். என் குப்பை என்னிடமே திரும்பிவிட்டது. வரும் கிறிஸ்துமஸுக்கு அதிலேயே வாசிக்கிறேன், என் கை வாகு என்ன லட்சணம் என்று ஊருக்கும் தெரியட்டும். தோல் துண்டை மட்டும் ரூத் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டாள்.

இப்படிக்கு,
லஞ்சம் வாங்கியது தெரியாமலேயே தங்கையைக் கொடுத்த
உன் மச்சான் மோகன்