ஹல்லா ஏரி: ஆட்சேபணை இல்லை

2 அக்டோபர் 2017
ஒன்பதாம் வகுப்புக்கு வழக்கமான பாடம்: ஃபின்லாந்தின் வளங்கள். காடு, நீர், படித்த மக்கள். ஏரிகள் 1,87,888. இருபத்தாறு ஆண்டுகளாக இந்த எண்ணை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். எதற்கும் உதவாத எண்.

வீட்டில் சுரங்க நிறுவனத்தின் கடிதம். ஏரிக்குப் பின்னால் இருக்கும் குன்றில் நிக்கல் இருக்கிறதாம். தோண்டினால் சேறு வரும். சேறு எங்காவது போக வேண்டும். வரைபடத்தில் அம்புக்குறி எங்கள் ஹல்லா ஏரியைக் காட்டியது. அடுத்த திங்களன்று ஊர்க்கூட்டம்.

7 அக்டோபர்
சனிக்கிழமை. கலெவியோடு சவுனா, அதாவது நீராவிக் குளியல். பக்கத்து வீட்டுக்காரன், இந்த ஏரி மீனை விற்றுப் பிழைப்பவன். சூடான கல்லில் நீரை ஊற்றிவிட்டுக் கேட்டான்.

“கூட்டத்துல நீ பேசுவேல்ல, வாத்தியாரே?”

“மூணு பக்கம் எழுதி வச்சிருக்கேன்.”

“அப்ப சரி. நீ எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன்.”

பிறகு இருவரும் ஓடிப்போய் ஏரியில் விழுந்தோம். தண்ணீர் கத்தியாய்க் குத்தியது.

9 அக்டோபர்
ஊரில் தொண்ணூற்றொரு பேர். அறுபத்து நான்கு பேர் வந்திருந்தோம். நிறுவனத்தின் செலவில் காபி, ஏலக்காய் ரொட்டி. தலைநகரத்து அதிகாரி சிரித்த முகம். “நம்ம நாட்டுல ஏரிக்கா பஞ்சம்?” என்றார். பிறகு, “யாராவது ஏதாவது சொல்லணுமா?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் பிடித்திருந்தால்தான் இரண்டு வார்த்தை சொல்வோம். பிடிக்காவிட்டால் மேசையைப் பார்ப்போம். நான்கு நிமிடம் அறுபத்து நான்கு பேரும் மேசையைப் பார்த்தோம். இதைவிடக் கடுமையாக இந்த ஊர் யாரையும் ஏசியதில்லை. அவர் ஏதோ எழுதிக்கொண்டு நன்றி சொன்னார்.

வெளியே கலெவி, “செம அடி, இல்ல?” என்றான்.

மூன்று பக்கங்களும் கோட்டுப் பையிலேயே இருந்தன. வேறு யாராவது முதலில் எழட்டும் என்று காத்திருந்தேன்.

31 அக்டோபர்
கூட்டக் குறிப்பு வந்தது. ‘வந்தோர்: 64. ஆட்சேபணை: இல்லை. சூழல்: இணக்கமானது. ரொட்டி போதவில்லை.’

1 நவம்பர்
எந்திரிச்சிருக்கணும். ஏன் எந்திரிக்கல?

18 மே 2018
சுரங்க அனுமதியை எதிர்த்து ஊர் போட்ட மேல்முறையீடு தள்ளுபடி. கூட்டத்திலேயே ஏன் சொல்லவில்லை என்கிறது தீர்ப்பு. நியாயமான கேள்வி.

22 ஜூன்
நடுக்கோடை விழா. வருடாவருடம் மூட்டும் தீயை இம்முறை கரையில் மூட்டவில்லை. அங்கே நிறுவனத்தின் குழாய்கள் கிடக்கின்றன. எங்கள் ஊரில் வேலையில்லாதோர் யாருமில்லை என்று மாவட்டப் பத்திரிகை மகிழ்கிறது. உண்மைதான். கலெவி இப்போது நிறுவனத்தின் லாரி ஓட்டுகிறான்.

“சேறு அள்ளிக் கொட்டுறேன். மீனைவிட நல்ல சம்பளம் வாத்தியாரே. அதான் கேவலமா இருக்கு.”

17 நவம்பர்
சவுனா. சூடு ஏறியதும் பழக்க தோஷத்தில் இருவரும் கரைக்கு ஓடினோம். கம்பிவேலி. மேலே கண்காணிப்புக் கேமரா, கீழே பிறந்த மேனியாக இரண்டு கிழவர்கள். எங்கள் உடம்பிலிருந்து ஆவி வந்தது. அப்பால் சாம்பல் நிறச் சேற்றிலிருந்தும் வந்தது.

“அன்னைக்கு நீ ஏன் எந்திரிக்கல?” ஒரு வருடம் கழித்துக் கேட்டான்.

“நீ ஏன் எந்திரிக்கல?”

“நீ எந்திரிப்பேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

திரும்பி நடந்தோம்.

4 மார்ச் 2019
நில அளவை அலுவலகத்திலிருந்து கடிதம். ஹல்லா ஏரி இனி வரைபடத்தில் ‘சேற்றுத் தேக்கம் 2’. முப்பது நாளுக்குள் ஆட்சேபணை எழுத்தில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளப்படும்.

மேசை இழுப்பறைக்குள் போட்டேன். ஏரியே போன பிறகு பெயருக்கு என்ன?

3 ஏப்ரல்
கடைசி நாள். காலையில் படிவத்தை எடுத்தேன். ‘காரணம்’ என்று ஐந்து வரி விட்டிருந்தார்கள். ‘1,87,888-இல் ஒன்று குறைகிறது’ என்று எழுதினேன். நான்கு வரி மிச்சம்.

எங்கள் ஊரில் தபால் போடுவதும் சிர்க்காவின் மளிகைக் கடையில்தான்.

“தபால் வண்டி நேத்தே போயிருச்சே! முப்பது நாளா என்ன பண்ணீங்க, வாத்தியாரே?”

காபித்தூள் வாங்க வந்த கலெவி, நிறுவனத்தின் மஞ்சள் சட்டையோடு, தாளை வாங்கிப் படித்தான். பேனா கேட்டான். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டான்.

“வேலை போயிரும்டா,” என்றாள் சிர்க்கா.

“வண்டிய எடு, வாத்தியாரே. அளவை ஆபீச நாலு மணிக்கு மூடிருவாங்க.”

நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், பாதிக்கு மேல் பனி.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது நாலு ஆகப் பத்து நிமிடம் இருந்தது. கலெவி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். முகப்பிலிருந்த பெண் முத்திரை குத்தினாள். “வேற ஏதாவது சொல்லணுங்களா?” என்றாள், மரியாதைக்கு.

அதே கோட்டு. பையில் கை விட்டேன். மூன்று பக்கங்களும் மடிப்பில் கிழிந்திருந்தன. முதல் வரியை வாசித்தேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கலெவி எழுந்து நின்றிருந்தான்.