நைனாவின் கடப்பாரைக்கு முன்னால் உலர்ந்த தரை

மேடம்,

இன்று காலை மழையில் நனைந்த சாக்கைக் கையில் எடுத்தேன். அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வேறு யாருக்காவது சாக்கு நாற்றத்தில் ஒரு மனுஷியின் முகம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

கண்காட்சி அமைக்கும் படிப்புப் பிள்ளைகளை நீங்கள் சென்னையிலிருந்து வண்டியில் கூட்டிவருவீர்கள். பெரிய அருங்காட்சியகங்களையும் எங்கள் செஞ்சிக் கோட்டையையும் காட்டிவிட்டு, கடைசியில் சிங்கவரம் சாலையில் என் அறைக்கு வருவீர்கள். சைக்கிள் கடையை மூடிவிட்டு, பழைய பூட்டும் நெல் அளக்கும் படியும் ஏர்க்கலப்பையுமாக யாரிடமும் கேட்காமல் நானே அடுக்கிய அறை. “பொருளைப் பாக்காதீங்க, பாக்கறவங்களைப் பாருங்க” என்று பிள்ளைகளிடம் சொல்வீர்கள். எனக்கு அது பிடிக்காது. பொருளைப் பார்க்கத்தானே வைத்திருக்கிறேன்?

அறையின் கோடியில் நைனாவின், என் அப்பாவின், கடப்பாரை. தலைக்கு மேல் உயரத்தில் மேடை கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே ஒரு பலகை நிறைய எழுதியிருந்தேன். அவர் ஊராருக்குக் கிணறு வெட்டியவர். வெட்டி முடித்த பிறகு அந்தக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் மொள்ள அவருக்கு உரிமை இருந்ததில்லை.

“நைனாவை சாமி மாதிரி தூக்கி வெச்சிட்டீங்கய்யா. கும்பிட்டுட்டுப் போயிடுவாங்க, பாக்க மாட்டாங்க. கொஞ்சம் கீழ இறக்குங்க” என்றீர்கள்.

“எங்களை இறங்குன்னு சொல்றது உங்களுக்கும் பழக்கமாயிடுச்சா மேடம்?” என்று கேட்டேன். உங்கள் முகம் சுருங்கிப்போனது.

மறு வருஷம் நல்ல மழை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஈரக்காலோடு அறை முழுக்கச் சுற்றினார்கள். பிறகு எல்லாரும் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனபோது நீங்கள் குனிந்து சிமெண்டுத் தரையைப் பார்த்தீர்கள். “எல்லாரும் வாங்க! கால் எங்க நின்னுது, எங்க நிக்கலைன்னு வரைங்க” என்று குரல் கொடுத்தீர்கள்.

நானும் பார்த்தேன். பூட்டு அலமாரி முன்னால் ஒரே ஈரம். நைனாவுக்கு முன்னால் தரை உலர்ந்து கிடந்தது.

அவர்கள் வருவதற்குள் சாக்கைப் போட்டு மொத்தத் தரையையும் துடைத்துவிட்டேன்.

“இன்னா தாத்தா, மேடம் வரையச் சொல்றாங்க, நீ தொடைக்கிற!” என்றாள் செஞ்சியிலிருந்தே படிக்கப்போன ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

“எவனாவது வழுக்கி விழுந்தா அய்யாதானே பதில் சொல்லணும்? விடுங்க, வண்டியில பேசிக்கலாம்” என்றீர்கள் நீங்கள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்காகப் பொய் சொன்னீர்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தீர்கள். அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல், போன மாசி மாதம் நீங்கள் தவறிவிட்டதாகப் போன் வந்தது.

உங்களிடம் படித்த பையன் இப்போது வாத்தியார். இன்று அவன் தன் பிள்ளைகளோடு வந்தான். மழை. ஈரக்கால்கள். சாக்கோடு கோடி வரை போனேன். மேடைக்கு முன்னால் ஒரே ஒரு ஜோடி ஈரக் கால்தடம்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன். என்னுடையதுதான்.

சாக்கை வெளியே எறிந்துவிட்டு, “தரையை வரைஞ்சுக்கோங்க” என்றேன். அவர்கள் வரைந்து முடித்ததும் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடியைத் திறந்தேன். கடப்பாரையை எடுத்து வாசலோரச் சுவரில் சாத்தினேன்.

“தாத்தா, தூக்கிப் பாக்கலாமா?” என்று கேட்டான் ஒரு பையன்.

“பாரு.”

“யப்பா! இத்த வெச்சிக்கினு கிணத்துல எப்படி எறங்கினாரு?”

பலகையில் எல்லாம் எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் யாருமில்லை. நான் சொல்லச் சொல்ல, சுற்றிலும் ஈரக்கால்கள் நெருங்கி நின்றன.

நான் இறக்கவில்லை மேடம். அந்த வார்த்தையை இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை முடிந்து வந்தால் நைனா வாசலோரம்தான் சாத்தி வைப்பார். அங்கே வைத்தேன், அவ்வளவுதான். ஆனால் அன்று நான் ஏன் துடைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என் மானத்தை எனக்கே விட்டுவிட்டுப் போனீர்கள். அதை எங்கே வைப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.