நிலைக்கு மேல் வைத்த சாவி

பிரகாசி அப்பாவுக்கு,

ஜங்ஷனில் நைட் டூட்டி முடிந்து வந்ததும் பிள்ளைகளைக் காணோமே என்று பதற வேண்டாம். இருவரையும் பக்கத்து வீட்டு லூர்துசெல்வி அக்காவிடம் படுக்க வைத்திருக்கிறேன். அடுப்பின் மேல் கேப்பைக் கூழ் இருக்கிறது. பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு முன் வந்துவிடுவேன். பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன சொல் மாறாது.

"ரெண்டு புள்ள பெத்தவ இன்னாத்துக்கு ரோட்டுல ஓடிக்கினு கெடக்கற" என்று நேற்றும் கேட்டீர்கள். கடலூரில் ஒரு மைல் பந்தயம் அடுத்த வாரம். டிரில் டீச்சரே ஓடாமல் மாணவிகளை எப்படி ஓடச் சொல்வது?

கோபத்தில் ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. நேற்று விடியுமுன் கோலியனூர் ரோட்டில், விளக்கில்லாத சைக்கிள் ஒன்று என் பின்னாலேயே வந்தது. "புள்ளைங்க தனியாவா தூங்குதுங்க டீச்சர்?" என்று கேட்டான். முகம் தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பி நம் தெருப்பக்கம் போனான். நானும் திரும்பி ஓடிவந்தேன். அந்த வேகத்தில் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. வீடு பூட்டியபடி இருந்தது, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்று ஸ்கூல் மைதானத்தில்தான் ஓடுகிறேன். நீங்கள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுங்கள்.

பி.கு.: ஓடும்போது இடைஞ்சல் என்று என் சாவியை நிலைக்கு மேல்தான் வைத்துவிட்டுப் போவேன். நேற்று அவசரத்தில் கவனிக்கவில்லை. இப்போது பூட்டுவதற்கு எடுத்தால், சாவியின் பல்லில் சோப்பு அப்பியிருக்கிறது, கள்ளச்சாவிக்கு அச்சு எடுத்ததுபோல. நீங்கள்தான் கழுவி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.