தூக்குறவனுக்கு ஒரு வார்

மச்சான்,

இன்று காலை ஷெட்டுக்குள் நுழைந்ததும் பித்தளை பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியது. எஸ்தர் பக்கிள்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீ போன பிறகு, தையல் இல்லாத நாளிலும் உன் மனைவி அந்த டப்பாவைக் கொட்டி வைத்துக்கொண்டு துடைக்கிறாள். அந்த வாசனை பட்டால் பட்டாளத்தில் இருந்தவன் எவனுக்கும் முதுகு தானாக நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. அப்புறம் மேசை மேல் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்த நேரத்திலிருந்து இதை எழுதுகிற வரைக்கும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

நீ கடைசியாகத் தைத்து முடித்த கோல்ஃப் பை அது. சென்னை வியாபாரிக்கு மாதிரிக்காக அனுப்பியிருந்தோம். பார்சலில் திரும்பி வந்திருக்கிறது. முதுகுப் பக்கம் நீ வைத்த தோள்வார் இரண்டையும் வெட்டியிருக்கிறான். தையலைப் பிரித்து எடுத்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். கத்தரியால் நறுக்கி, நூல் முனைகள் தொங்க, வெட்டிய வார்களைச் சுருட்டிப் பையின் பக்க உறையிலேயே திணித்து அனுப்பியிருக்கிறான். முன்பக்கம் நீ வேண்டுமென்றே வெறுமையாக விட்ட இடத்தில் ஒரு வரிசை மெடல் ரிப்பன். எந்த ரிப்பன் எதற்குக் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியாது. கலர் எடுப்பாக இருக்கிறது, ஒட்டிவிட்டான்.

"மத்தியானம் வராராம்ணா. நேர்ல பேசணுமாம்," என்றாள் எஸ்தர், தலையைத் தூக்காமல்.

அவளிடம் கத்த முடியாது. வேறு யாரிடம் கத்துவது? உன்னிடம்தான். உன் மேலும் எனக்கு ஒரு கோபம் பாக்கி இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே பட்டாலியன். நான் மாமல்லபுரத்துப் பக்கம் குப்பத்தில் பிறந்து, கடலுக்குப் பயந்து பட்டாளத்துக்கு ஓடியவன். நீ திருக்கழுக்குன்றம் ரோட்டுக் காலனிக்காரன். ஊரார் வயலில் முதுகு குனிவது உன் வீட்டில் உன்னோடு முடியட்டும் என்று வந்தவன். நான் துப்பாக்கி பிடித்தேன், நீ ஊசி பிடித்தாய். பூட்ஸ், பெல்ட், கூடாரம், நாம் பிட்டூ என்று சொல்லும் முதுகுப் பை, எது கிழிந்தாலும் உன்னிடம்தான் வரும். பனி மலையில் பூட்ஸின் அடி பிய்ந்து நின்றவனுக்கு அன்றைக்குக் கடவுள் நீதான். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் என்னென்னவோ சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷமே நாம் லீவில் வந்திருந்தோம். ஊருக்குள் இருக்கிற டீக்கடையில் ஒருத்தன் உன்னைக் கேட்டான். "மிலிட்டரில இன்னாடா வேல? செருப்பு தெக்கறதா?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய். "ஆமாண்ணா, பூட்ஸ் தெக்கறேன். உன்னுது பிஞ்சா எட்த்துகினு வா," என்றாய், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. உனக்கு எப்படி எரியாமல் போனது என்று கடைசி வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஓய்வு பெற்று வந்ததும் எல்லாரும் நமக்குச் சொன்ன ஒரே வேலை செக்யூரிட்டி. நான் கொஞ்ச நாள் போய்ப் பார்த்தேன். நீ போகவே இல்லை. "வாசல்ல குந்திகினு கார்காரனுக்கு சலாம் வெக்க நம்மால ஆவாது மச்சான்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு ஒரு தையல் மிஷினோடு உட்கார்ந்தாய். அங்கேதான் ஒரு ரிட்டயர்டு கர்னல் தன் கிழிந்த கோல்ஃப் பையைக் கொண்டுவந்தார். நீ அதற்குப் பச்சைக் கித்தானில் புது அடி வைத்து, பித்தளை பக்கிள் மாட்டி, தண்ணீர் பாட்டில் தொங்க ஒரு வளையமும் வைத்துக் கொடுத்தாய். பட்டாளத்துப் பை மாதிரியே இருக்கிறதே என்று அவருடைய நண்பர்களும் கேட்டார்கள். அப்படித்தான் தொழில் ஆரம்பித்தது. நான் வெட்ட, நீ தைக்க, எஸ்தர் முடிக்க.

கோல்ஃப் எப்படி இருக்கும் என்று அதுவரைக்கும் நாம் இரண்டு பேரும் பார்த்ததில்லை. கர்னல்தான் ஒருநாள் கடற்கரைச் சாலைப் பக்கம் இருந்த ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஆட்டத்தைப் பார்க்கவில்லை, புல்லையும் பார்க்கவில்லை. பை தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவரையே பார்த்தாய். அவர் எங்கள் குப்பத்துக் கன்னியப்பன். படகை விற்றுவிட்டு அந்த வேலைக்கு வந்தவர். வயசு அறுபதை ஒட்டி இருக்கும். ஒற்றை வாரில் தொங்கிய பை அவரை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

நீ கிட்டே போய்க் கேட்டாய். "அண்ணாத்த, எங்க அறுக்குது?"

கன்னியப்பன் ஆட்டக்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டையை விலக்கிக் காட்டினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கறுத்துத் தடித்திருந்தது. "வல இஸ்த்தா கை காய்க்கும். இங்க தோளு காய்ச்சிக்கீது. இன்னா பண்றது, சொல்லு," என்றார்.

நீ அந்தப் பையை வாங்கி உன் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த குழி வரைக்கும் நடந்தாய். யாராவது பார்த்தால் வேலை போய்விடும் என்று கன்னியப்பன் பின்னாலேயே ஓடிவந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் தோளையே தடவிக்கொண்டு வந்தாய். திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது சொன்னாய். "பை வாங்குறவன் வேற மச்சான், தூக்குறவன் வேற. வாங்குறவனுக்கு கலரு கீது, பக்கிளு கீது. தூக்குறவனுக்கு இன்னா கீது நம்ம பையில?"

அதற்குப் பிறகுதான் அந்த இரட்டை வார் வந்தது. முதுகுப் பைக்கு வைப்பது போல இரண்டு தோளுக்கும் இரண்டு. உள்ளே மெத்தென்று மடித்து வைத்த ஃபெல்ட், தடித்த கம்பளித் துணி. தையல் உடம்பில் படாதபடி ஓரத்தைத் திருப்பி அடித்தாய். கன்னியப்பனும் நானும் ஒரே உயரம் என்று சோதனையெல்லாம் என் மேல்தான். மட்டைகளை நிரப்பி என் முதுகில் ஏற்றி ஷெட்டைச் சுற்றி நடக்க விடுவாய். நின்றதும் கேட்பாய், "சொல்லு, எங்க அறுக்குது?" இங்கே என்றால் பிரிப்பாய். அங்கே என்றால் மறுபடி பிரிப்பாய். உன் பிடிவாதத்தில் நான் கெட்ட வார்த்தையெல்லாம் பேசியிருக்கிறேன். எங்கேயும் அறுக்கவில்லை என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் மிஷினுக்கு உறை போட்டாய்.

அந்த வியாபாரி அப்புறம் வந்தான். பச்சைக் கலர் அவனுக்குப் பிடித்தது. பட்டாளத்துக்காரர்கள் தைக்கிறார்கள் என்பது அதைவிடப் பிடித்தது. பையில் தொங்கவிட ஓர் அட்டை அச்சடித்தான், போர் வீரர்களின் கையால் செய்தது என்று. நீ அதைப் படித்துவிட்டு, "நான் பூட்ஸ் தெச்சவன் சார். அத்தயே போடுங்க," என்றாய். நீ ஜோக் அடிப்பதாக நினைத்து அவன் சிரித்தான். டீக்கடையில் சிரித்தவர்களுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம், சொல். நீ பூட்ஸ் தைத்தாய் என்பதால் அவர்கள் உன்னைப் பட்டாளத்துக்காரனாக எண்ணவில்லை. நீ பட்டாளத்துக்காரன் என்பதால் இவன் பூட்ஸை மறைத்தான். உன் வேலையை உன் வேலையாகப் பார்க்க ஒருத்தனுக்கும் கண் இல்லை. ரிப்பன் வைக்கச் சொல்லி அப்போதே கேட்டான். "சட்டைல குத்துறத பையில குத்த மாட்டேன்," என்று நீ முடித்துவிட்டாய்.

இப்போது உன் மேல் இருக்கிற கோபத்துக்கு வருகிறேன்.

பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று காலையில் தனி வரிசையில் போய் நிற்கிறவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று நம் இருவருக்கும் தெரியும். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவன் என்று பெயர் வந்துவிடும். நீ சர்வீஸ் முழுக்க அந்த வரிசையில் நின்றதில்லை. அதில் உனக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை ஊருக்கும் கொண்டுவந்தாய் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே இந்தக் கடைசிப் பையின் வாரைத் தைத்தாய். கேட்டதற்கு வாயு என்றாய். ஓமத் தண்ணீர் குடித்தாய். எஸ்தர் ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றதற்கு, "பேஜாரு பண்ணாத, இந்த ஓரம் முட்ச்சிட்டு வரேன்," என்றாய். ஓரத்தை முடித்தாய். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது உன் கை என் கையில் கனமாகிவிட்டது. எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டார். எஸ்தருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஊரில் இருக்கிறவன் தோளெல்லாம் எங்கே அறுக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தைத்தாயே, உனக்கு எங்கே வலிக்கிறது என்று எங்கள் இரண்டு பேரிடம் சொன்னால் என்னடா குறைந்துபோயிருக்கும் உனக்கு?

மத்தியானம் வியாபாரி வந்தான். நம் சந்தில் குழாய் போடத் தோண்டியது அப்படியே கிடக்கிறது, முந்தாநாள் மழையில் முழுக்கச் சேறு. காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தான். ஷூ போன கோலத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. உட்கார்ந்ததும் ஆரம்பித்தான்.

"இந்த ஸ்ட்ராப் வேண்டாம்மா. பை குண்டா தெரியுது, செலவும் ஜாஸ்தி. வாங்குறவங்க யாரும் அவங்களே தூக்குறதில்ல. ரிப்பன் வெச்சிடலாம். அப்புறம் அட்டையில உங்க வீட்டுக்காரர் யூனிஃபார்ம் போட்டோ போடுறோம். பெரிய மரியாதையா இருக்கும்."

எஸ்தர் பக்கிளைக் கீழே வைத்தாள். "போட்டோவுக்கு கீழ இன்னா சார் எழுதுவீங்க?"

"போர் வீரன்னு."

"பூட்ஸ் ரிப்பேர்காரர்னு எழுதுவீங்களா?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரிப்பேன் என்று நினைத்து. நான் சிரிக்கவில்லை. "வார் இல்லாம இந்த ஷெட்ல பை தெக்க மாட்டோம்," என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. அப்படியானால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போகும் என்றான். அவனை விட்டால் நமக்கு வேறு ஆர்டர் கிடையாது. கர்னலும் அவருடைய நண்பர்களும் வாங்கியாயிற்று, வருஷத்துக்கு ஒரு பை வாங்குவார்களா என்ன. ஷெட்டே மூடிப்போகலாம் என்று எனக்குத் தெரியும், எஸ்தருக்கும் தெரியும். அவள்தான் சொன்னாள், "போவட்டும் சார்."

அவன் எழுந்தான். ஆனால் மாதிரிப் பை வேண்டுமாம், அதை வைத்து வேறு யாரிடமாவது தைத்துக்கொள்வானாம். காட்டுவதற்காக அவன் நிரப்பி அனுப்பிய மட்டைகளும் உள்ளேயே இருந்தன, நல்ல கனம். ஒரு கையால் தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. வெளியே சேற்றைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"கார் வரைக்கும் கொஞ்சம் தூக்கிட்டு வந்து குடுங்களேன்," என்றான்.

மச்சான், அந்த நிமிஷம் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். என் கையைப் பிடித்து உட்கார வைக்க நீ இல்லை. ஆனால் எஸ்தர் முந்திக்கொண்டாள். எழுந்து பையின் பக்க உறையில் கை விட்டு, வெட்டிய வார்கள் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள்.

"வாரு இருந்தா தூக்கினு வந்திருப்பாரு சார்," என்றாள். "அறுத்தது நீங்கதான்."

அவன் பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். அடம் பிடிக்கிற பிள்ளையைத் தூக்கிப் போவது போலத்தான் இருந்தது. பாதிச் சந்தில் நழுவி, அவன் ஒட்டிய ரிப்பன் வரிசை சேற்றில் முட்டியது. நான் வாசலில் நின்று ரோடு வரைக்கும் பார்த்தேன். கோபம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. ஆள் போன பிறகு எஸ்தர் வார்களின் வெட்டுவாயைத் திருப்பித் தைத்து, நுனியில் கொக்கி வைத்தாள். எந்தப் பையிலும் மாட்டிக்கொள்ளலாம். நாளைக்குக் கன்னியப்பனிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றாள். மற்றதை அப்புறம் பார்க்கலாமாம்.

சரியாக இருக்கிறதா என்று ஒன்றைத் தோளில் போட்டுப் பார்த்தேன். உன்னை அடக்கம் செய்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. காலனிக் கல்லறைக்குப் போவது இன்றைக்கும் வரப்பு வழிதான். வண்டி போகாது. பட்டாளத்தில் இருந்து வந்தவனுக்கும் அதே வரப்புதான். நாங்கள் நாலு பேர் பெட்டியைத் தூக்கியபோது எஸ்தர் எங்களை நிறுத்தினாள். உள்ளே ஓடி, மிஷின் மேல் நீ வெட்டி வைத்திருந்த ஃபெல்ட் துண்டுகளைக் கொண்டுவந்து, அழுதுகொண்டே ஒவ்வொருத்தர் தோளிலும் பெட்டிக்கு அடியில் வைத்தாள். என் தோளில் இருந்த துண்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, சட்டைப் பைக்குள். யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

நீ நல்ல கனம். வழியும் நீளம். கல்லறை வந்து இறக்கியதும் நீ கேட்பாய் என்று ஒரு நொடி நின்றேன், ஷெட்டில் நிற்பது போலவே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கேயும் அறுக்கவில்லை, மச்சான்.