குடுவைக்குள் சிவப்பு

மட்டாஞ்சேரி படகுத்துறை
7.10.1998

அன்புள்ள அத்தான்,

நான் சுகம். அத்தைக்கு முட்டுவலி தேவலையா? நம் மகள் முத்தரசி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் எர்ணாகுளத்தில் எங்கள் ஆய்வகத்தில் கரண்ட் போய், பாக்டீரியாக் குடுவைகளைக் குலுக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. காற்றில்லாமல் எல்லாம் வீணாகியிருக்கும் என்று கொட்டப் போனேன். கூட வேலை பார்க்கும் அம்பிளி, "களையண்டா சேச்சி, நோக்கு!" என்று கொட்டவிடாமல் கையைப் பிடித்தாள். குடுவைக்குள் லேசாகச் சிவந்திருந்தது. காற்று குறைந்ததும் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபினை அதிகமாக உண்டாக்கிப் பிழைத்திருக்கின்றன. அதை உண்டாக்கும் மரபணுவைத் தூண்டிவிடுவது எது என்றுதான் நாங்கள் தேடுகிறோம். இனி வேண்டுமென்றே காற்றைக் குறைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லிவிட்டார் எங்கள் ஆய்வகத் தலைவர் சார். அதனால் தீபாவளிக்கு வர முடியாது. முத்தரசியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் மேலே போட்டுக்கொள்ள உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

படகு வந்துவிட்டது.

உங்கள்
செண்பகவல்லி